துவாக்குடி பஸ்ஸில் படித்த கடிதங்கள்

கேத்தரினிடம் ஒரு பழக்கம் இருந்தது. பதில் எழுத நேரம் இல்லாதபோது எந்தக் கடிதத்தையும் பிரிக்க மாட்டாள். துவாக்குடி பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியின் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்திலிருந்தே அப்படித்தான். அப்போதெல்லாம் தபால்காரர் போட்டுவிட்டுப் போகும் உறைகள். அவற்றை மேஜையின் இடது பக்கம் அடுக்கி வைப்பாள். ஒன்றை எடுப்பாள், பிரிப்பாள், பதில் தயாராகும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள். பக்கத்தில் வைத்த டீ ஆறிப்போய் ஆடை கட்டும். பிரித்த உறை என்றால் முடிந்த வேலை, பிரிக்காத உறை என்றால் பாக்கி வேலை. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு ரகம் அவள் ராஜ்ஜியத்தில் கிடையாது.

உறைகள் போய் மெயில் வந்தபோது ஆபீஸில் பாதிப் பேர் தடுமாறினார்கள். கேத்தரின் தடுமாறவில்லை. திறக்காத மெயில் தடித்த கறுப்பு எழுத்தில் நிற்கிறது, திறந்ததும் மெலிந்து போகிறது என்பதை முதல் நாளே கண்டுகொண்டாள். பழைய சட்டம் அப்படியே செல்லும். கறுப்பாக இருந்தால் பாக்கி, மெலிந்தால் முடிந்தது. மெலிந்தவை கண்ணில் பட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதற்காக, கறுப்பு மட்டும் தெரிகிற மாதிரி திரையை அமைத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் கிளம்பும்போது திரை வெறுமையாக இருக்க வேண்டும். இருந்தது. முதலில் மேஜை, பிறகு திரை, பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் இருந்தது.

"கேத்தரின் மேடம் மெயிலைத் தொறந்துட்டாங்க, இனி கட்டடம் தீப்பிடிச்சாலும் எந்திரிக்க மாட்டாங்க" என்று பக்கத்து மேஜையில் கேலி செய்வார்கள். அவளுக்கு அது கேலியாகப் பட்டதில்லை, பட்டமாகத்தான் பட்டது.

அவள் பார்த்த வேலை என்னவென்றும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கல்லூரியில் படித்த பெண்கள் நாடு நாடாக வேலைக்குப் போகிறார்கள். போகிற நாட்டில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் அலுவலகத்திலிருந்து கல்லூரிக்கு ஒரு மெயில் வரும். இந்தப் பெண் உங்களிடம் படித்தது உண்மைதானா? எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் வார்டு? கூட ஒரு படிவமும் இருக்கும். அதைக் கல்லூரியே நிரப்பி, முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் வைத்து, நேராக அனுப்ப வேண்டும். பெண்ணின் கையில் கொடுத்தனுப்பினால் செல்லாது. வெரிஃபிகேஷன் என்பார்கள். அந்தப் பதில் போகாவிட்டால் அவள் படித்த படிப்பு அந்த நாட்டைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

இத்தனைக்கும் கேத்தரின் அந்தப் பெண்களின் முகத்தை அதிகம் பார்த்தவள் இல்லை. பெயரும் பதிவு எண்ணும்தான் தெரியும். நினைவில் வைத்துக்கொள்ளும் கவலையும் அவளுக்கு இல்லை. ஞாபகம் வைப்பது கறுப்பெழுத்தின் வேலை, முடிப்பது தன் வேலை என்று பிரித்துக் கொடுத்திருந்தாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஜூன் மாதம் போன் வந்து ஏறியது.

ஒவ்வொரு பிரிவுக்கும் பொறுப்பானவர்கள் போனிலும் ஆபீஸ் மெயிலைப் பார்க்க வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. செவ்வாய்க்கிழமைதோறும் கம்ப்யூட்டர்களைப் பார்க்க வருகிற பெஞ்சமின் அவள் போனை வாங்கி அரை மணி நேரம் என்னவோ செய்தான். பெஞ்சமினும் அவளைப் போலப் பாலக்கரைக்காரன்தான், இரண்டு பேரும் ஒரே மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். உரிமையோடு பேசுவான்.

"அக்கா, இது நாள்வரைக்கும் உங்க கம்ப்யூட்டர் மெயிலை இழுத்து உள்ள போட்டுக்கும். வேற எங்கயும் தெரியாது. இப்ப மாத்திட்டேன். போனும் கம்ப்யூட்டரும் இனிமே ஒண்ணு. இங்க வந்தா அங்கயும் வரும். இங்க படிச்சா அங்கயும் படிச்சது. இங்க அழிச்சா அங்கயும் போயிடும், அதனால பார்த்து."

"அழிக்கறதாவது! நான் எதையாவது அழிச்சு நீ பார்த்திருக்கியா?" என்றாள் கேத்தரின்.

மூன்று விஷயம் சொன்னான். அவள் காதில் ஏறியது கடைசி ஒன்றுதான். அழிக்கக்கூடாது. சரி, அழிக்க மாட்டோம். மற்றபடி போனில் தெரிவது நகல், அசல் ஆபீஸில் இருக்கிறது என்று தன் பாட்டில் முடிவுகட்டிக்கொண்டாள். நகலைப் பார்ப்பதில் என்ன வந்துவிடப் போகிறது? ஜெராக்ஸைப் படித்தால் அசலின் உறை பிரிந்துவிடுமா என்ன?

பாலக்கரையிலிருந்து துவாக்குடிக்குக் காலை பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பால்பண்ணை, அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர் என்று பஸ் நின்று நின்று போகும். இத்தனை வருஷமும் அந்த முக்கால் மணியை ஜெபமாலை சொல்லியும் தூங்கியும் கழித்தவளுக்கு இப்போது வேறு பொழுதுபோக்கு கிடைத்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்ததும் போனை எடுப்பாள். ராத்திரி வந்த மெயில்களை ஒவ்வொன்றாகத் திறந்து பேப்பர் படிப்பதுபோல் படிப்பாள். அயர்லாந்திலிருந்து ஒன்று, ஆஸ்திரேலியாவிலிருந்து ஒன்று, வளைகுடாவிலிருந்து இரண்டு. "ஆபீஸ் போனதும் பார்த்துக்கலாம், அங்க கறுப்பா நிக்கும்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பைக்குள் போட்டுவிடுவாள். உள்ளூர் மெயில்கள் பகலில் வரும், கம்ப்யூட்டரில் திறப்பாள், பதில் போவதில் ஒரு குறையும் இல்லை. வெளிநாட்டு மெயில்கள் அவர்கள் நேரப்படி வருவதால் பெரும்பாலும் ஆபீஸ் முடிந்த பிறகோ விடிகாலையிலோதான் வந்து சேரும். அத்தனையும் துவாக்குடி பஸ்ஸில் திறக்கப்பட்டன. அவள் பதினொரு மணிக்கு சான்றிதழ் கேட்டு ஆபீஸ் ஜன்னலில் நிற்கிற கூட்டத்தை எல்லாம் அனுப்பிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது, ஒன்றுகூடக் கறுப்பாக இல்லை. மெலிந்து, ஒளிந்து, கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தன.

சந்தேகப்பட வேண்டாமா? பட்டாள், ஆனால் தன்மேல் படவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தாள்.

"ஏன்தான் இப்படியோ, வெளியில இருந்து வெரிஃபிகேஷனே வர மாட்டேங்குது" என்று சாப்பாட்டு நேரத்தில் உலக நிலவரம் பேசினாள். கிடைத்த ஓய்வில் பழைய பதிவேடுகளுக்கெல்லாம் புது அட்டை போட்டாள். பீரோவைத் துடைத்தாள். வீட்டில் கணவர் ரெஜிஸ், பாலக்கரையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவர், "என்ன, இப்பல்லாம் முகம் தெளிவா இருக்கு?" என்று கேட்கிற அளவுக்கு நிம்மதியாக இருந்தாள். ஆறு வாரம் அந்த நிம்மதி நீடித்தது. இதைச் சொல்லும்போது எனக்கே அவள் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது.

ஜூலை பத்தாம் தேதி வாக்கில் ஒரு போன் வந்தது. பேசியவள் பானுப்ரியா, ஸ்ரீரங்கத்திலிருந்து. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கல்லூரியில் படித்து முடித்தவள், திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

"மேடம், அயர்லாந்துல இருந்து எனக்கு வெரிஃபிகேஷன் கேட்டு மெயில் போட்டிருக்காங்களாம். இன்னும் பதில் வரலைன்னு சொல்றாங்க. கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

கேத்தரின் திரையைப் பார்த்தாள். கறுப்பு ஒன்றுமில்லை. "வரலையேம்மா. வந்திருந்தா அன்னிக்கே போயிருக்கும். அட்ரஸைத் தப்பாப் போட்டிருப்பாங்க. திரும்ப அனுப்பச் சொல்லுங்க."

பத்து நாள் கழித்து மறுபடி கூப்பிட்டாள். "மேடம், ரெண்டாவது தடவையும் அனுப்பிட்டாங்களாம்."

"எனக்கு வரவே இல்லையேம்மா" என்றாள் கேத்தரின். இந்தமுறை குரலில் கொஞ்சம் எரிச்சலும் ஏறியிருந்தது. "பத்தொன்பது வருஷமா இந்த சீட்டுலதான் இருக்கேன். ஒரு கடிதம் என்னைத் தாண்டிப் போனதில்லை. நீங்க அவங்களைத்தான் கேக்கணும்."

அந்த இரண்டாவது மெயிலை அன்று காலைதான், பஸ் காட்டூரில் நின்றபோது, முழுசாகப் படித்திருந்தாள். அது மனசின் மேல்தட்டில்கூட நிற்கவில்லை.

ஜூலை முப்பதாம் தேதி மத்தியானம் இரண்டு மணிக்குப் பானுப்ரியா நேரிலேயே வந்து நின்றாள். ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, காலை ட்யூட்டியைப் பாதியில் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று கேத்தரின் தோளை நிமிர்த்திக்கொண்டாள். அந்தப் பெண் சண்டை போடவில்லை. இரண்டு தாள்களை மேஜைமேல் வைத்தாள். அயர்லாந்து அலுவலகம் கல்லூரிக்கு அனுப்பிய மெயில்களின் பிரிண்ட். கல்லூரி முகவரி ஓரெழுத்து பிசகாமல் இருந்தது. தேதியும் நேரமும் இருந்தன.

"மேடம், இன்னிக்குத்தான் கடைசி நாள். அவங்க ஊர் நேரப்படி சாயங்காலம் அஞ்சு மணி, நமக்கு ஒன்பதரை. அதுக்குள்ள காலேஜ்ல இருந்து பதில் போகலைன்னா ஃபைலை மூடிடுவாங்க. மூடிட்டா முதல்ல இருந்து வரணும், வேலை குடுக்கறேன்னு சொன்ன ஆஸ்பத்திரி அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்காது. இங்கிலீஷ் பரீட்சை மூணாவது தடவைதான் மேடம் பாஸ் பண்ணினேன்." தாள்களைக் கேத்தரின் பக்கம் நகர்த்தினாள். "நீங்க வரலைன்னு சொன்னதை நம்பி நான் அவங்களைத்தான் திட்டி எழுதினேன்."

கேத்தரினுக்கு அந்தக் கடைசி வாக்கியம் சுருக்கென்றது. இருந்தாலும் "வரலையே" என்று சொல்லத்தான் வாய் எழுந்தது. அப்போது கண் அந்தத் தாளின் இரண்டாவது வரியில் விழுந்தது. அதைப் படித்த ஞாபகம். அந்த வாக்கியம், அந்த ஊர்ப் பெயர், கீழே கையெழுத்துப் போட்டிருந்த பெண்மணியின் பெயர் எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவை. எங்கே படித்தோம்? டிக்கெட், கண்டக்டர் விசில், ஜன்னல் காற்று.

மேஜைக்கு அடியில் போனை எடுத்து வைத்துக்கொண்டு தேடினாள். இருந்தது. இரண்டும் இருந்தன. திறந்து, படித்து, மெலிந்து இருந்தன. மேலே தள்ளினால் ஆஸ்திரேலியா, அதற்கும் மேலே வளைகுடா.

எதிரே நின்ற பெண்ணுக்கு மேஜைக்கு அடியில் நடப்பது தெரியாது. "இப்பத்தான் வந்து சேர்ந்திருக்கு, நெட் கோளாறு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. பத்தொன்பது வருஷப் பட்டமும் அப்படியே இருக்கும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது என்பதை அவளே பிற்பாடு ரெஜிஸிடம் சொன்னாள். வந்ததை விழுங்கினாள்.

"வந்திருக்கும்மா" என்றாள். போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "ரெண்டும் வந்திருக்கு. நான்தான் பஸ்ல படிச்சிருக்கேன். படிச்சிட்டு விட்டுட்டேன். தப்பு என்னோடது."

பானுப்ரியா அவளையே பார்த்தாள். கண் சிவந்தது. "இப்ப என்ன மேடம் செய்யறது?" என்று கேட்டாள்.

"உட்காரு" என்றாள் கேத்தரின். 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. "இன்னிக்குள்ள அனுப்பறோம்."

பீரோவைத் திறந்து பானுப்ரியாவின் வருஷத்துப் பதிவேட்டை எடுத்தாள். அட்டை மட்டும் புத்தம் புதுசு, அதைப் பார்க்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. மெடிக்கல் வார்டு எத்தனை மணி, பிரசவ வார்டு எத்தனை மணி, மனநலப் பிரிவு எத்தனை மணி என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிவத்தில் எழுதினாள். பானுப்ரியா பக்கத்தில் நின்று பதிவேட்டிலிருந்து எண்களைப் படித்தாள். பதிவேட்டின் பக்கங்களை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் பதில் மெயிலை எழுதி, பக்கங்களை அதில் இணைத்தாள். தாமதத்துக்குக் காரணம் கல்லூரி ஆபீஸ்தான், விண்ணப்பித்தவர் இல்லை என்று ஒரு வரி சேர்த்தாள். கையெழுத்தான படிவம் ஒன்றுதான் பாக்கி. அதையும் இணைத்தால் அனுப்பிவிடலாம். மணி மூன்றே கால்.

அங்கேதான் அடுத்த இடி. முதல்வர் சிஸ்டர் பிரான்சி ஊருக்குள், மேலப்புதூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். கூட்டம் ஐந்து மணிக்கு முடிந்ததும் அங்கிருந்தே மதுரைக்குக் கிளம்புகிறார். ஒரு வாரம் தியானம், போனைக்கூடத் தொட மாட்டார்.

கேத்தரின் யோசிக்கவே இல்லை. படிவத்தை ஃபைலில் வைத்தாள். கல்லூரி முத்திரையையும் மைப்பெட்டியையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஹேண்ட்பேகில் போட்டாள். எழுதிக்கொண்டிருந்த மெயிலை அப்படியே சேமித்து வைத்துவிட்டு எழுந்தாள். பாதி முடிந்த மெயிலை விட்டுவிட்டு அவள் நாற்காலியை விட்டு எழுந்ததைப் பக்கத்து மேஜைக்காரர்கள் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்கள். யாரும் கேலி செய்யவில்லை.

பஸ் திருவெறும்பூர்வரை நன்றாகத்தான் வந்தது. அரியமங்கலம் தாண்டியதும் நகர மறுத்தது. பால்பண்ணைக்கு முன்னால் லாரிகள் வரிசை கட்டி நின்றன. நாலரை மணி. பானுப்ரியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் கேத்தரினுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"உனக்கு எத்தனை குழந்தைங்கம்மா?" என்று கேட்டாள் தாங்காமல்.

"ஒரு பொண்ணு. நாலாவது படிக்கறா." பானுப்ரியா திரும்பினாள். "பதினோரு வருஷமா கான்ட்ராக்ட்லயே இருக்கேன் மேடம். வருஷா வருஷம் ஏப்ரல்ல எடுப்பாங்களா மாட்டாங்களான்னு பார்க்கணும். அது ஒண்ணுக்காகத்தான் கிளம்பறேன். போகணும்னு ஆசை எல்லாம் பெருசா இல்லை."

பஸ் மறுபடி நின்றதும் கேத்தரின் எழுந்தாள். "வா, இறங்கு. ஆட்டோ பிடிச்சுக் குறுக்கே போயிடலாம்."

மேலப்புதூர் வளாகத்துக்குள் ஆட்டோ நுழைந்தபோது மணி ஐந்து ஆக ஐந்து நிமிஷம். கூட்டம் முன்னாலேயே முடிந்து, சிஸ்டர் பிரான்சி காரின் கதவைத் திறந்துகொண்டு நின்றார். ஐம்பத்திரண்டு வயதில் கேத்தரின் ஓடினாள். செருப்பு ஒன்று வழியிலேயே நின்றுவிட்டது, பானுப்ரியாதான் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"கேத்தரின்! என்ன ஆச்சு?"

மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். பானுப்ரியா பெயர், கடைசி நாள், எல்லாவற்றையும் சொன்னாள். "கடைசி நிமிஷத்துல வந்து நிக்கறதுக்கு நான்தான் காரணம் சிஸ்டர். படிச்சிட்டு பதில் போடாம விட்டுட்டேன். இவ மட்டும் இல்லை, இன்னும் இருக்காங்க."

சிஸ்டர் பிரான்சி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பேனாவை வாங்கினார். கார் முகப்பின்மேல் தாளை வைத்து, ஒவ்வொரு எண்ணையும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவசரத்திலும் படிக்காமல் போடவில்லை. கேத்தரின் மைப்பெட்டியைத் திறந்து முத்திரை குத்தினாள். வெயிலில் சூடேறிய தகரத்தில் கை சுட்டது.

"நான் திரும்பி வந்ததும் உட்கார்ந்து பேசலாம்" என்றார் சிஸ்டர். பானுப்ரியாவின் தோளைத் தொட்டார். "முதல்ல இதை அனுப்புங்க."

கார் போனது. கேத்தரின் கையெழுத்தான படிவத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எழுதிய மெயில் துவாக்குடியில் இருக்கிறது! பதிவேட்டுப் பக்கங்கள் அதில்தான் இருக்கின்றன. திரும்பிப் போக ஒரு மணி நேரம், இந்த நெரிசலில் ஒன்றரை. ஐந்தரைக்கு வாட்ச்மேன் ஆபீஸைப் பூட்டிச் சாவியை விடுதியில் கொடுத்துவிடுவார். முதல்வர் சொல்லாமல் அங்கே சாவி தர மாட்டார்கள், முதல்வரோ இனி போனைத் தொட மாட்டார். பெஞ்சமினுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, எழுதின மெயில் ஆபீஸ்ல மாட்டிக்கிச்சு. நீ எப்படியாவது போய் அனுப்ப முடியுமா?"

"அனுப்பாம சேவ் பண்ணி வெச்சிருக்கீங்களா?"

"ஆமா."

"அப்ப எதுக்குக்கா ஆபீஸ்? உங்க போன்லயே இருக்கும். டிராஃப்ட்னு ஒரு இடம் இருக்கு பாருங்க. நான்தான் அன்னிக்கே சொன்னேனே, ரெண்டும் ஒண்ணுன்னு!"

அந்த இடத்தைத் தொட்டாள். இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் துவாக்குடியில் எழுதிய கடிதம், அவள் விட்டுவிட்டு வந்த வரியோடு, ஸ்கேன் செய்த பக்கங்களோடு, மேலப்புதூரில் அவள் உள்ளங்கையில் இருந்தது. பஸ்ஸில் படித்ததை ஆபீஸிலும் படித்ததாக்கிய அதே சாமான்தான் இதையும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. நகலும் இல்லை, அசலும் இல்லை. இருப்பது ஒரே கடிதம், அதைப் பார்க்க இரண்டு ஜன்னல். பெஞ்சமின் ஜூனில் சொன்னது ஜூலை முப்பதாம் தேதி சாயங்காலம்தான் அவளுக்குப் புரிந்தது.

பானுப்ரியா படிவத்தை ஒரு சிமெண்ட் பெஞ்சில் வைத்து நான்கு மூலையையும் பிடித்துக்கொண்டாள். கேத்தரின் போனால் படம் எடுத்தாள். நிழல் விழுந்தது, இன்னொருமுறை எடுத்தாள். இணைத்தாள். ஆரம்பத்திலிருந்து ஒருமுறை படித்தாள். அனுப்பினாள். ஐந்து நாற்பது.

இரண்டு பேரும் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் போன் ஒலித்தது. தங்கள் பதில் கிடைத்தது, விண்ணப்பத்துடன் சேர்க்கப்பட்டது என்று இரண்டே வரி. கேத்தரின் வாய்விட்டுப் படித்தாள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதிருந்த பானுப்ரியா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கேத்தரினுக்கும் அழுகை வந்தது. அழ நமக்கு என்ன உரிமை என்று அடக்கிக்கொண்டாள். அருகில் இருந்த கடையில் டீ வாங்கி வந்து அவள் கையில் கொடுத்து, சூடு ஆறுவதற்குள் குடிக்கச் சொன்னாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை இல்லை, ஆனாலும் பெஞ்சமினை வரவழைத்தாள். ஒளிந்திருந்த மெயில்களை எல்லாம் திரையில் கொண்டுவரச் சொன்னாள். படித்து, பதில் போகாமல் கிடந்தவை இருபத்தாறு. பெஞ்சமின் எண்ணிச் சொன்னதும் இருபத்தாறு பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். பிறகு, கறுப்பை நம்புவதை விட்டுவிட்டாள். பதில் போக வேண்டிய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நட்சத்திரம் போட அவன் காட்டிக் கொடுத்தான். போனில் போட்டால் கம்ப்யூட்டரிலும் ஒட்டிக்கொள்ளும், பதில் போன பிறகு அவள் கையால் எடுத்தால்தான் போகும்.

சிஸ்டர் திரும்பி வருவதற்குள் படிவங்களை எல்லாம் நிரப்பி வைத்தாள், அவர் வந்து கையெழுத்துப் போட்ட இரண்டு நாளில் இருபத்தாறும் போயின. ஒவ்வொரு பெண்ணையும் போனில் கூப்பிட்டுத் தன் தவறு என்று சொன்னாள். சிலர் பரவாயில்லை என்றார்கள். ஒருத்தி கன்னாபின்னாவென்று திட்டினாள், கேத்தரின் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டாள். இரண்டு பேருக்குக் கெடு தாண்டிப் போயிருந்தது. அந்த அலுவலகங்களுக்குக் கல்லூரியின் பேரில் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். ஒன்று ஃபைலைத் திரும்பத் திறந்தது. இன்னொன்றுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள், விடுவதாக இல்லை. சிஸ்டர் பிரான்சி மதுரையிலிருந்து வந்து ஒரு மணி நேரம் பேசினார். அதில் பாதி நேரம் கண்டிப்பு, பாதி நேரம் இவ்வளவு பெரிய வேலையைத் தனி ஆளிடம் விட்டதற்கு வருத்தம். இப்போது அந்த மெயிலை இன்னொருவரும் பார்க்கிறார்.

பானுப்ரியாவிடமிருந்து மட்டும் சேதி இல்லை. பதில் போய்விட்டது, முடிவு அவர்கள் கையில். ஆகஸ்ட் போனது. கேட்கலாமா என்று நாலைந்துமுறை எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். எந்த முகத்தோடு கேட்பது? பதில் அனுப்பியதும் மறந்துபோகிற கேத்தரின், வாழ்க்கையிலேயே முதல்முறையாக, ஒரு பதிலுக்குப் பிறகு என்ன ஆகிறது என்று தூக்கம் கெட்டாள்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி காலை போன் வந்தது. பஸ் இரைச்சலில் முதலில் குரல் புரியவில்லை.

"மேடம், பானுப்ரியா பேசறேன். அயர்லாந்துப் பதிவு எண் வந்துடுச்சு மேடம்! அடுத்த மாசம் இருபதாம் தேதி கிளம்பறேன்."

"மாதாவே!" என்று கேத்தரின் கத்தியதில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் கவலைப்படவில்லை. "பாப்பா என்னம்மா சொல்றா?"

"அவதான் ஊர் பூரா சொல்லிட்டு வரா." சிரித்தாள். பிறகு குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "மேடம், இன்னொரு விஷயம். என்கூட வேலை பார்க்கற ரிஃபானாவும் நம்ம காலேஜ்தான். அவளும் அப்ளை பண்றா. காலேஜ்ல பதில் போடுவாங்களா, நேர்ல போய் நிக்கணுமான்னு ரொம்பப் பயப்படறா."

கேத்தரின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "நீ என்னம்மா சொன்னே?"

"கேத்தரின் மேடம் இருக்காங்க, நீ தைரியமா அனுப்புன்னு சொல்லிட்டேன்."

கண்டக்டர் டிக்கெட் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவருக்கு ஒரு கையைக் காட்டி நிறுத்திவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அனுப்பச் சொல்லும்மா" என்றாள் கேத்தரின்.